வீட்டில் சதுப்புத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஆறடிக்கு நாலடியில் ஒரு சேற்றுப் பாத்தி இருக்கிறது. வல்லாரையும் கல்வாழையும் சேம்பும் அதில் நன்றாக வருகின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சென்னையையும் அதைப் போன்ற தமிழ்நாட்டுச் சமவெளி ஊர்களையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குச் செடிகளும் மாறும், தண்ணீர்க் கணக்கும் மாறும்.

சதுப்புத் தோட்டம்னா என்னங்க? சின்னதா ஒரு குளம் வெட்டுறதுதானே?

இல்லை. குளத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். சதுப்புத் தோட்டத்தில் மண்தான் தெரியும், தண்ணீர் அதற்குள்ளே இருக்கும். மண்ணை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும். ஆனால் மேற்பரப்பில் குட்டையாகத் தேங்கி நிற்கக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

நமக்கு இது புதிதும் இல்லை. கிணற்றடியில் துணி துவைத்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் சேம்பும் கல்வாழையும் வாழையும் நிற்கும், ஓரத்தில் புதினாவோ வல்லாரையோ படர்ந்திருக்கும். யாரும் அதைத் தோட்டம் என்று சொன்னதில்லை. அதையே கொஞ்சம் திட்டமிட்டுச் செய்தால் சதுப்புத் தோட்டம்.

கொசு வராதா? டெங்கு நேரத்துல மாநகராட்சி ஆளுங்க வந்து பார்த்தா என்ன சொல்றது?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. கேட்கவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். ஆனால் புழு நீந்தவும் மூச்சுவிடவும் வெளியே திறந்த தண்ணீர் வேண்டும். ஈர மண்ணுக்குள் அதனால் வளர முடியாது. அதனால் சரியாகப் போட்ட சேற்றுப் பாத்தியைவிட, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரும் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டும்தான் பெரிய ஆபத்து.

சோதிப்பது சுலபம். தண்ணீர் விட்ட பிறகு மேலே நிற்பது ஒன்றிரண்டு மணி நேரத்தில் உள்ளே போய்விட வேண்டும். பெருமழைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதற்கு மேலும் நின்றால் வடிகால் போதவில்லை என்று அர்த்தம். களையெடுக்க மிதித்த கால்தடம், தண்ணீர் விடும் குழாயின் திறந்த வாய், சேம்பு மடல் தண்டோடு சேரும் குழிவு ஆகிய மூன்று இடங்களைப் பலரும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். தடத்தை உடனே மூடிவிடுங்கள், குழாய் வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள், மடலில் நீர் நின்றால் வாரம் ஒருமுறை சாய்த்துக் கொட்டுங்கள். அதிகாரி வந்தால் தைரியமாகக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

எங்க வீட்ல எங்க போடலாம்? சுவர்ல ஓதம் ஏறிடும்னு வீட்டுக்காரர் பயப்படுறார்

பயம் நியாயம்தான். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தாறு அடி தள்ளிப் போடுங்கள். மதில் சுவர் ஓரம் என்றாலும் இரண்டடி விடுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, பூமிக்கடியில் போகும் கேபிள் இவற்றின் மேல் வேண்டாம். பெரிய மரத்தடியும் வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடி வந்து, குழிக்குள் நாம் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிடும்.

வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் போதும். காலை வெயில் விழுந்து மதியத்துக்கு மேல் நிழல் வரும் கிழக்குப் பக்கம்தான் நம் ஊருக்குச் சிறந்தது. மேற்குப் பக்கம் மட்டும்தான் இடம் இருக்கிறது என்றால் சித்திரை, வைகாசியில் பச்சை நிழல்வலை கட்ட வேண்டிவரும்.

எவ்வளவு ஆழம் தோண்டணும்? படிப்படியா சொல்லுங்க

தோண்டும் முன் ஒரு சோதனை. ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் பாருங்கள். தண்ணீர் இன்னும் நின்றால் உங்கள் மண் களிமண். ஷீட் இல்லாமலேயே பாத்தி அமையும். ஒரு மணி நேரத்தில் காணாமல் போனால் மணல். திருவான்மியூர், நீலாங்கரை மாதிரி கடலோர மண் எல்லாம் இப்படித்தான். ஷீட் கட்டாயம் வேண்டும்.

ஆழம் ஒன்றரை அடி இருந்தால் நல்லது. ஒரு அடிக்கும் குறைவாக இருந்தால் கோடையில் காய்ந்துவிடும். இரண்டு அடிக்கு மேல் தோண்டுவது வீண் வேலை. அடியில் கல், கண்ணாடித் துண்டு, வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு, பழைய சாக்கையோ கோணியையோ விரித்து அதன் மேல் ஷீட் போடுங்கள். அசோலா வளர்க்கக் குழியில் போடும் சில்பாலின் ஷீட், 250 ஜிஎஸ்எம் தடிமனில், உரக்கடைகளிலும் தார்ப்பாய்க் கடைகளிலும் கிடைக்கும். நாலு பக்கமும் ஒரு அடி மேலே வரும்படி அளவு எடுத்து வாங்குங்கள்.

ஷீட்டில் ஓட்டைகள் போட்டதும் (ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) இரண்டு இன்ச் உயரத்துக்குக் கூழாங்கல்லோ ஜல்லியோ பரப்பவும். அதன் மேல் முக்கால் இன்ச் பிவிசி குழாய் ஒன்றைப் படுக்க வையுங்கள். அதில் ஒரு சாண் இடைவெளியில் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். ஒரு முனையை மூடிபோட்டு அடைத்து, மறு முனைக்கு எல்போ மாட்டி மண்ணுக்கு மேலே நிமிர்த்தி விடுங்கள். தண்ணீரை இதன் வழியாக ஊற்றினால் அடியிலிருந்து ஊறி மேலே வரும், மேல்மண் அரிக்காது. குழாயில் மண் புகாமல் இருக்கத் தேங்காய் நாரைச் சுற்றிவிடலாம்.

அப்புறம் மண்ணை நிரப்புங்கள். ஷீட்டின் விளிம்பு மண் மட்டத்துக்கு இரண்டு இன்ச் கீழே நிற்கும்படி வெட்டி மூடிவிட வேண்டும். வெளியே தெரிந்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது, வெயிலில் காய்ந்து ஷீட்டும் பொடிப்பொடியாக உதிரும். நிரப்பிய மண்ணில் நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு வாரம் விடுங்கள். அமுங்கிய இடத்தில் மேலும் மண் போட்டுச் சமப்படுத்தியபின் நடலாம். தோண்ட ஆடி மாதமும் நட ஆவணியும் ஏற்றவை. ஐப்பசி மழை வரும்போது செடி வேர் பிடித்திருக்கும்.

தண்ணி நிக்கணும்னு ஷீட் போடுறோம். அதுலயே எதுக்கு ஓட்டை போடணும்?

ஓட்டையே இல்லாவிட்டால் அது தொட்டி. தண்ணீர் அசையாமல் நின்று, அதில் கரைந்திருந்த காற்று தீர்ந்து, வேர் அழுகும். சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிற்பதுபோல் தெரிந்தாலும் மெதுவாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த மெதுவான நகர்வைத்தான் நாம் இந்த ஓட்டைகளால் உண்டாக்குகிறோம். உப்பும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

மூன்றடிக்கு ஒன்று என்ற கணக்கில், விரல் நுழையும் அளவில் போதும். ஆறடிக்கு நாலடிப் பாத்திக்கு மூன்று அல்லது நான்கு. முதலில் குறைவாகவே போடுங்கள். பிறகு வடியவில்லை என்றால் கூரான கம்பியை மேலிருந்து இறக்கி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். போட்ட ஓட்டையை அடைக்க வழியில்லை.

எந்த மண்ணு போடணும்? வீடியோல பீட் மாஸ்னு ஏதோ சொல்றாங்களே

அது குளிர் நாடுகளின் சதுப்பு நிலங்களில் பாசி மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பொருள். அதைத் தோண்டி எடுத்தால் அந்தச் சதுப்பு நிலம் அழியும். ஒரு சதுப்பைக் கெடுத்து இன்னொரு சதுப்பை உருவாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் செடிகளுக்கு அது தேவையும் இல்லை.

தோண்டி எடுத்த மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது இலைமக்கு ஒரு பங்கு, வண்டல் மண் கிடைத்தால் ஒரு பங்கு. மண் வெறும் மணலாக இருந்தால் வண்டலையோ களிமண்ணையோ கூட்டுங்கள். வண்டல் கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம். ஆனால் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து போடுங்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும். மக்காத சாணத்தை மட்டும் போடவே கூடாது. ஈரத்துக்குள் புளித்துச் சூடாகி வேரைக் கருக்கிவிடும்.

என்னென்ன செடி வைக்கலாம்?

உயரமானவற்றில் முதலில் கல்வாழை. நாலைந்து அடி வளரும், சிவப்பும் மஞ்சளுமாக வருஷம் முழுவதும் பூக்கும், எதற்கும் சளைக்காது. அடுத்தது சேம்பு. சந்தையில் முளைவிட்ட சேப்பங்கிழங்கை வாங்கிப் புதைத்தாலே போதும். குழந்தைகளுக்கு இதன் இலையில் மழைத்துளி உருண்டோடுவதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். ஆனால் தண்டையும் இலையையும் பச்சையாக வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் எரியும். அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். கைக்குழந்தையும் நாய்க்குட்டியும் உள்ள வீட்டில் பாத்தியின் நடுவில், கைக்கு எட்டாதபடி வையுங்கள்.

நடுத்தர உயரத்துக்கு வசம்பு, குடை மாதிரி விரியும் கோரை, ரம்பை. வசம்பு இலையைக் கசக்கினால் வரும் வாசனை கிழங்கில் வருவதேதான். ரம்பை இலை பிரியாணிக்கும் ஆகும்.

தரையோடு படர்வதற்கு வல்லாரை, நீர்ப்பிரமி, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, பொடுதலை, ஆரைக்கீரை. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரைக்கீரை. நாலு இலை சேர்ந்து ஒரு சின்ன விசிறிபோல் இருக்கும். பொழுது சாய்ந்ததும் நாலும் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும், காலையில் மறுபடி விரியும். பூவே பூக்காது, ஏனென்றால் அது பெரணி வகை. வாய்க்கால் ஓரத்திலும் நெல் வயலிலும் களையாக மண்டிக் கிடக்கும். வயல்காரரைக் கேட்டால் ஒரு பிடி தாராளமாகக் கொடுப்பார்.

நீர்முள்ளியின் ஊதாப் பூ அழகுதான். ஆனால் கணுவுக்குக் கணு நீளமான முள் இருக்கும். நடைபாதை ஓரத்தில் வேண்டாம். ஆறடிக்கு நாலடிக்கு உயரமானது இரண்டு, நடுத்தரம் மூன்று, மற்ற இடம் முழுவதும் படர்வன. நட்டபோது காலியாகத் தெரியும். மார்கழிக்குள் மண்ணே தெரியாது.

தாமரையும் அல்லியும் வைக்கலாம்ல?

முடியாது. அவற்றுக்கு மண்ணுக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். அது குளத்துச் செடி. ஆசையிருந்தால் பக்கத்தில் தனியாக ஒரு தொட்டி வைத்து, கொசுப்புழுவைத் தின்ன அதில் மீன் விடுங்கள்.

நர்சரில வல்லாரைன்னு ஒண்ணு வாங்கினேன். அது வல்லாரைதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இலைக்காம்பு எங்கே சேருகிறது என்று பாருங்கள். வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும், அடியில் ஒரு வெட்டு இருக்கும், காம்பு அந்த வெட்டில் வந்து சேரும். வளர்ப்பு மீன் கடைகளிலும் சில நர்சரிகளிலும் வல்லாரை என்று தரும் இன்னொரு செடியின் இலை நாணயம் மாதிரி வட்டம். காம்பு அதன் நடு முதுகில், தாமரை இலையில் சேர்வதுபோலச் சேரும். அழகுக்கு வைக்கலாம், ஆனால் கட்டுக்கடங்காமல் பரவும். துவையல் அரைக்க அது ஆகாது.

பொன்னாங்கண்ணியிலும் இதே குழப்பம் உண்டு. நம் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூக்கொத்து இலைக்கணுவில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீளமான காம்பின் நுனியில் பூக்கொத்து நின்று, தண்டும் உள்ளே குழலாக இருந்தால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நீர்நிலைகளை மூடிக்கொண்டிருக்கும் களை. துண்டு விழுந்தாலும் முளைக்கும். வேரோடு பிடுங்கி வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

ஆகாயத்தாமரை, சம்பு எல்லாம் சும்மாவே கிடைக்குதே, வைக்கக் கூடாதா?

கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். ஆகாயத்தாமரை மிதக்கும் செடி, சேற்றுப் பாத்தியில் அதற்கு வேலையே இல்லை. விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மழைநீரோடு போய் ஏரியில் சேர்ந்தால் அங்கே ஒரு தலைவலி. சம்பு ஏரிக்கரையில் பார்க்க நன்றாக இருக்கும், பறவைகள் கூடு கட்டும். வீட்டுப் பாத்தியில் ஒரே வருஷத்தில் மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும். பஞ்சு விதை தெரு முழுக்கப் பறக்கும்.

பள்ளிக்கரணை பக்கத்துலதான் இருக்கோம். அங்கேருந்து நாலு செடி பிடுங்கிட்டு வந்தா தப்பா?

தப்புதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022 இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்ட இடம். வனத்துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற்கெனவே கட்டடமும் குப்பையும் தின்றுவிட்டு மிச்சமிருப்பதுதான் நாம் பார்ப்பது. அங்கிருந்து ஒரு வேரைக்கூட எடுக்க வேண்டாம். போய்ப் பறவைகளைப் பாருங்கள், எந்தச் செடி எவ்வளவு ஈரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். அதுவே பெரிய பாடம்.

செடிக்குக் கீரைக்காரரைப் பிடியுங்கள். வல்லாரைக் கட்டிலும் பொன்னாங்கண்ணிக் கட்டிலும் வேரோடு நாலைந்து தண்டு எப்போதும் இருக்கும். தண்ணீரில் இரண்டு நாள் வைத்து நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

சென்னைல குடிக்கவே தண்ணி இல்ல. இதுக்கு தினமும் எவ்வளவு ஊத்துறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஒரு லிட்டர் போகிறது. கோடையில் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொண்டால், ஆறடிக்கு நாலடிப் பாத்திக்கு (சுமார் 2.2 சதுர மீட்டர்) 13 முதல் 18 லிட்டர். அதாவது ஒரு வாளி. செடி அடர்ந்து நிற்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மழைக்காலத்தில் ஒன்றும் வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவும் தண்ணீரைச் சேர்த்து வைத்தாலே பாதி கணக்கு முடிந்துவிடும்.

கையை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு விரல்கட்டை ஆழத்தில் ஈரம் கையில் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம்.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு. ஆர்.ஓ. மெஷின்ல வீணாப் போற தண்ணியை விடலாமா?

ஆர்.ஓ. கழிவில் உங்கள் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். அந்த உப்பைப் பிரித்துத் தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலையே. பாத்திக்கு வேண்டாம், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வருவதால் உப்பே இருக்காது. தாராளமாக விடலாம்.

போர் தண்ணீர்தான் கதி என்றால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள். மாடி மழைநீர்க் குழாயில் ஒரு கிளையைப் பாத்திக்குத் திருப்பி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை முழுக்க அலசிக் கழுவிவிடும். ஷீட்டில் ஓட்டை இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். நீர்ப்பிரமி ஓரளவு உப்பைத் தாங்கும், உப்புத் தண்ணீர் வீடுகளில் அதை அதிகமாக வையுங்கள்.

குளிக்கிற தண்ணியை நேரா விட்டுட்டா மிச்சம்தானே?

விடலாம், இரண்டு நிபந்தனையோடு. குளியலறைத் தண்ணீர் மட்டும். கழிப்பறைத் தண்ணீர் கூடவே கூடாது. பாத்திரம் கழுவும் எண்ணெய்ப்பிசுக்கு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். வாஷிங் மெஷின் தண்ணீரில் சோடியம் அதிகம், களிமண்ணை இறுக்கிவிடும். அடுத்து, அந்தப் பாத்தியில் கல்வாழை, சேம்பு, கோரை மட்டும் இருக்கட்டும். அது கழிவுநீர்ப் பாத்தி. அங்கிருந்து கீரை பறித்துச் சாப்பிடக் கூடாது, கழுவினாலும் கூடாது.

வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சமையலுக்கு வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் தனிப் பாத்தி. அதையும் நன்றாக அலசி, சமைத்துச் சாப்பிடுவது நல்லது. தேங்கிய நீரில் வளரும் கீரையில் ஒட்டுண்ணி முட்டைகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

முட்டை அழுகின மாதிரி நாத்தம் வருது. என்ன பண்றது?

அடிமண்ணில் காற்றே இல்லை என்று அது சொல்கிறது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும், அதன் நாற்றம்தான் அது. நான்கைந்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அரை இன்ச் கம்பியால் ஒரு அடிக்கு ஒரு இடமாகக் குத்திக் காற்று போக வழி செய்யுங்கள். ஷீட் வரை இடித்துவிடாதீர்கள். அழுகிய இலைகளைப் பொறுக்குங்கள். ஒரு வாரத்திலும் போகவில்லை என்றால் மேலே சொன்னபடி இன்னொரு ஓட்டை போடத்தான் வேண்டும்.

சேற்றைக் கிளறும்போது மட்டும் லேசாக வாசம் வந்தால் கவலைப்பட வேண்டாம். எல்லாச் சதுப்பிலும் அது இருக்கும்.

இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. யூரியா போடட்டுமா?

வேண்டாம். ஈரம் ததும்பும் மண்ணில் தழைச்சத்து சீக்கிரம் தீரும். நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். யூரியாவை அள்ளிப்போட்டால் பாதி அப்படிப் போகும், மீதி கசிந்து நிலத்தடி நீரில் சேரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாலைந்து கைப்பிடி மண்புழு உரத்தைச் செடிகளின் தூரடியில் அழுத்திவிடுங்கள். அது மெதுவாகக் கரைந்து வேருக்குப் போகும்.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதையும் பாருங்கள். அடியிலை மட்டும் என்றால் தழைச்சத்துக் குறைவோ வயதோ காரணம். குருத்திலையே மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. போர் தண்ணீரின் சுண்ணாம்பு பெரும்பாலும் காரணமாக இருக்கும். மழைநீருக்கோ ஏசி நீருக்கோ மாறினால் சரியாகும்.

பாம்பு வருமா? உண்மையைச் சொல்லுங்க

தவளை வரும். தவளை இருந்தால் அதைத் தேடிப் பாம்பு வர வாய்ப்பு இருக்கிறது. வரவே வராது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வருவது விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு. ஆனால் காலி மனைகள் சூழ்ந்த புறநகரில் எதுவும் வரலாம், ஆகவே ஜாக்கிரதை வேண்டும்.

பாம்புக்கு ஈரத்தைவிட ஒளிய இடம் முக்கியம். பாத்தியைச் சுற்றி இரண்டடிக்குப் புல், செங்கல் குவியல், விறகு, உடைந்த தொட்டி எதுவும் இல்லாமல் வெறுந்தரையாக வையுங்கள். வாசற்படியை ஒட்டி வேண்டாம். எலி வளை இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள். கல்வாழைப் புதருக்குள் கையை விடாமல் நீளக் கத்தரியால் வெட்டுங்கள், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் போகாதீர்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், தள்ளி நின்றுகொண்டு தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

நத்தை தின்னுடுது. உப்பு போடலாமா?

பாத்தியில் உப்பா! கூடாது. மழைக்காலத்தில் வரும் அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தையை இரவு எட்டு மணிக்கு மேல் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போட்டுவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அதில் மூளையைத் தாக்கும் ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம்.

நாங்க ஃப்ளாட்ல இருக்கோம். மொட்டை மாடில போடலாமா?

பாத்தியாக வேண்டாம். ஈரச்சேறு ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ. ஒன்றரை அடி ஆழம் என்றால் சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரத்துக்குத்தான் இந்தியத் தரக் குறியீட்டுப்படி கணக்கிடுகிறார்கள். ஒழுகுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அதற்குப் பதில் 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்றைச் சுவரோ பீமோ கீழே வரும் இடத்தில் வையுங்கள். அடியில் ஓட்டை வேண்டாம். பக்கவாட்டில், மண் மட்டத்துக்கு நாலு இன்ச் கீழே இரண்டு துளை. அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் வழிந்துவிடும், அதற்குக் கீழே எப்போதும் ஈரம் இருக்கும். வழிவதைத் தட்டில் பிடித்துத் தேக்கி வைக்காமல் வடிகாலுக்கு விடுங்கள், காரணம் கொசுக் கேள்வியில் இருக்கிறது. நீர்ப்பிரமி, வல்லாரை, ஒரு கோரை, இவை டப்புக்குப் பொருந்தும். கல்வாழை பெரிதாகி டப்பையே உடைக்கும்.

பூச்சி தின்னுற செடி வைக்கணும்னு பையன் கேக்குறான். இதே மண்ணுல வருமா?

இதே மண்ணில் வராது. பூச்சியுண்ணும் செடிகள் சத்தே இல்லாத ஈர மண்ணில் பிழைக்கப் பழகியவை. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. தொழுவுரம் கலந்த பாத்தியில் வைத்தால் சில வாரத்தில் போய்விடும். தனியாக ஒரு சின்னத் தொட்டியில், நன்றாக அலசிய நார்க்கழிவும் கழுவிய ஆற்று மணலும் பாதிக்குப் பாதி கலந்து, மழைநீரோ ஏசி நீரோ மட்டும் ஊற்றி வளர்க்க வேண்டும். உரமே கூடாது.

பையனுக்கு ட்ரோசிராவை வாங்கிக் கொடுங்கள். தமிழ்நாட்டின் ஈர மணற்பாங்கான இடங்களிலேயே இயற்கையாக வளரும் வகைகள் உண்டு, வெயிலைத் தாங்கும். இலைமுடியின் நுனியில் பசைத்துளி பனிபோல மின்னும், சின்ன ஈ ஒட்டிக்கொண்டால் முடிகள் மெல்ல வளைந்து மூடும். எல்லோரும் கேட்கும் வீனஸ் ஈப்பொறி அமெரிக்காவின் கரோலினாக் கடலோரச் செடி. அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும், சென்னையில் அது கிடைக்காது. மேகாலயாவின் குடுவைச் செடி அழிவின் விளிம்பில் இருப்பது. காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஐப்பசி மழைல மொத்தமும் மூழ்கிடுச்சுன்னா?

இந்தச் செடிகள் இரண்டு மூன்று நாள் மூழ்கினால் சாகாது, வயலில் இருந்தவைதானே. ஆனால் தெருத் தண்ணீர் உள்ளே வந்திருந்தால் சாக்கடையும் கலந்திருக்கும். அப்போது அந்தப் பாத்திக் கீரையைச் சாப்பிடும் எண்ணத்தையே அந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள். முன்கூட்டியே ஒரு பக்க வரப்பை இரண்டு இன்ச் தாழ்த்தி, வழியும் நீர் மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குப் போகும்படி சின்ன வாய்க்கால் எடுத்துவைப்பது நல்லது.

கோடை லீவுக்கு பத்து நாள் ஊருக்குப் போறோம். செத்துடுமா?

போகும் முன் உயரமான செடிகளைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள். இலை குறைந்தால் நீர் குடிப்பதும் குறையும். நிழல்வலை கட்டி, குழாய் வழியாக நிறைய ஊற்றிவிட்டுப் போங்கள். ஐந்து நாள் தாங்கும். பத்து நாள் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லி நடுவில் ஒருமுறை இரண்டு வாளி ஊற்றச் சொல்லுங்கள். வந்து பார்க்கும்போது மேலே கருகியிருந்தாலும் பிடுங்கிவிடாதீர்கள். கல்வாழையும் சேம்பும் வசம்பும் கிழங்கிலிருந்து மறுபடி வரும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை பிரிச்சுப் போடணும்?

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, தை மாசி வாக்கில். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கல்வாழைக் கிழங்கை வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டி எடுங்கள். ஓரத்துக் கிழங்குதான் இளசு, அதை நட்டு நடுக்கிழங்கைக் கழித்துவிடலாம். மண்வெட்டி வேண்டாம், ஷீட் கிழியும். கைக்கொத்து போதும். படர்ந்த கீரைகளை மூன்றில் ஒரு பங்கு பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு கூடை மக்கிய உரத்தைப் போட்டு மூடுங்கள். அடிக்குழாயில் அழுத்தமாகத் தண்ணீர் விட்டு, துளைகள் அடைத்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிடுங்கிய வல்லாரையையும் ஆரையையும் கேட்பவர்களுக்கு ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுக்கலாம், மூன்று நாள் வரை வாடாது.